எக்ஸ்ரேயில் தெரிந்த வலி

ஆல்வின் தன் மனைவியை முதன்முதலாக அடித்தது, மூன்றாவது ஸ்கேனும் நார்மல் என்று வந்த நாளில்.

ஜெசிந்தா ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவன் கடைசிப் பக்கம் வரை புரட்டினான். பிறகு எழுந்து வந்து, அவள் வாயிலிருந்து சொம்பை எடுப்பதற்குள் கன்னத்தில் அறைந்தான். சொம்பு பல்லில் மோதி உதடு கிழிந்தது.

"மூணு டாக்டரு. மூணு பேரும் ஒண்ணுமில்லன்றான். அப்ப இன்னாடி நோவு உனக்கு?"

ஆல்வின் முட்டுக்காட்டில் ஃபைபர் படகுகளின் இன்ஜினை ரிப்பேர் செய்பவன். கடப்பாக்கத்திலிருந்துகூட அவனைத் தேடி வருவார்கள். ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். பிரித்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை என்றால், "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. ஓட்றவன்கிட்டதான் கோளாறு கீது" என்று கையைத் துடைத்துக்கொள்வான். மனைவியின் உடம்பு விஷயத்திலும் அவன் அப்படித்தான் முடிவு கட்டினான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஜெசிந்தாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போயிற்று, வலி போகவில்லை. முதலில் மூட்டுகளில் இருந்தது, பிறகு சதைக்குள் இறங்கியது. கழுத்து, தோள், இடுப்பு, தொடை, உள்ளங்கால் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும், யாரோ கல்லில் போட்டுத் துவைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும். ஜாக்கெட் கை இறுக்கும் இடம் எரியும். மேகமூட்டம் போட்ட நாட்களில் தலையில் சீப்பு படக்கூடாது. சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை அவளுக்கு. முப்பது பேருக்கு டியூட்டி போடுகிறவள், பாதிப் பேச்சில் சொல் மறந்து நிற்பாள். ஒருநாள் 'மாப்' என்ற வார்த்தை வராமல், கையால் தரையைத் துடைத்துக் காட்டினாள். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதாள்.

மகள் ஜெபா வேலூரில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்; ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

அறைவது ஆல்வினுக்குச் சீக்கிரமே போதாமல் போயிற்று. அவன் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தான்.

"எங்க தொட்டாலும் நோவுதுன்றியே. இங்க நோவுதா?"

கழுத்தும் தோளும் சேரும் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அழுத்துவான். துருப்பிடித்த நட்டை வெறும் கையால் கழற்றுகிற விரல்கள் அவை. "இங்க? இங்க?" அவள் கத்தினால், "இன்னா ஆக்டிங்கு பாரு" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், "பாத்தியா, நோவே இல்ல" என்பான். என்ன செய்தாலும் அவன் சொன்னதே சரி என்றுதான் முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது என்று சொன்னாள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்தான். சமையலறை வழியாகப் பின்பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனான். துணி துவைக்கும் கல்லின் மேல் அவளைக் குப்புறத் தள்ளி, தொடையில் முழங்காலை ஊன்றி, தோளைப் பிடித்துத் திருகினான். அவள் கத்திய சத்தம் பாதியில் நின்றது. மயங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டில்தான் ஆல்வினின் அக்கா ஜாக்குலின் இருந்தாள். ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். தம்பியை வெளியே அனுப்பினாள். பிறகு ஜெசிந்தாவின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"எழுந்து நாலு வேலைய பாத்தா எல்லாம் சரியாப்பூடும் ஜெசி. நீ படுத்துகினே கீற. அவனுக்கும் ஆத்திரம் வருமா வராதா?"

உண்மையில் ஜெசிந்தாவுக்கே சந்தேகம் வந்திருந்தது. எல்லாப் படத்திலும் நார்மல் என்று வரும்போது, இந்த வலியை நானேதான் உண்டாக்குகிறேனோ?

அந்தச் சந்தேகத்தை நீக்கியது சென்னையில் இருந்த ஒரு மூட்டு வாத டாக்டர். கூட வேலை செய்யும் வசந்தாதான் அவளை அழைத்துப்போனாள். அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் கேட்டார். எங்கே வலி, எப்படித் தூக்கம், எதெல்லாம் மறக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒரு பெயரைச் சொன்னார்.

"வலியைச் சொல்ற நரம்போட சத்தம் உங்க உடம்புல கூடிப்போயிருக்கும்மா. ஸ்கேன்ல தெரியாது, ரத்தத்துல தெரியாது. ஆனா வலி நிஜம். முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். மாத்திரை, தூக்கம், நடை, மெதுவா செய்ற பிசியோ, இதுங்களால குறைக்கலாம்."

வலி நிஜம் என்ற இரண்டு வார்த்தைகளுக்காக ஜெசிந்தா அங்கேயே தேம்பித் தேம்பி அழுதாள். டாக்டர் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஆல்வின் அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஃபைப்ரோ... இன்னா எழவு இது? பேரு வெச்சிட்டா நோவாயிடுமா?" சீட்டை நாலாகக் கிழித்தான். அன்று பெல்ட்டால் அடித்தான். முதுகில் அடித்தால் துணி மறைத்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வசந்தாவின் செல்போனில் சீட்டின் போட்டோ இருந்தது. அதை வைத்து ஜெசிந்தா மாத்திரை வாங்கினாள். மாமல்லபுரத்தில், பைக் வாடகைக்கு விடும் கடை ஒன்றின் மாடியில், பரணிதரன் என்பவன் கைரோபிராக்டிக் கிளினிக் நடத்துகிறான் என்றும் வசந்தாதான் சொன்னாள். பிசியோதெரபி படித்துவிட்டு, முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் அந்த வைத்தியத்தையும் வெளிநாட்டில் போய்க் கற்றவன். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவரின் மகன், முப்பத்துநாலு வயது. புதன்கிழமைகளில் காலை ஷிப்ட் முடித்து, ஈ.சி.ஆர். பஸ் ஏறி ஜெசிந்தா அங்கே போக ஆரம்பித்தாள்.

முதல் நாள் பயந்துகொண்டே கேட்டாள். "வீடியோல பாத்தேன் சார். கழுத்த டப்புன்னு திருப்புவீங்களாமே?"

"உங்களுக்குத் திருப்ப மாட்டேன்க்கா. யாருக்குமே கழுத்த அப்படித் திருப்புறதில்ல நான். ரத்தக் குழாய் கிழிஞ்சா ஆளே போயிடும். சத்தம் கேக்குறது வீடியோவுக்கு நல்லாருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப நோவு போயிடுமா?"

"போக வைக்க என்னால முடியாது. சில பேருக்குக் கொஞ்சம் லேசாகும். சில பேருக்கு ஒண்ணுமே ஆகாது. ஆறு வாரம் பாப்போம். டாக்டர் மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

அவன் கையை வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வைப்பான். அவள் 'ம்' என்று முனகினால் எடுத்துவிடுவான். உடம்பை ஒருவன் இப்படித் தொட முடியும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

இரண்டாவது வாரம் அவன் கை நின்றது. ரவிக்கைக்குக் கீழே, பெல்ட் பட்ட தடம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

"இது உங்க நோயில வர்றது இல்லக்கா."

"விழுந்துட்டேன் சார்."

"முதுகத்தான் நான் தினமும் பாக்குறேன். விழுந்தா இப்படி வரிவரியா வராது."

அவன் கேஸ் நோட்டில் தேதி போட்டு, எங்கே, எத்தனை அங்குலம் என்று எழுதினான். "இத நான் யாருக்கும் காட்ட மாட்டேன். உங்களுக்கு வேணும்னா எடுத்துத் தருவேன்" என்று மட்டும் சொன்னான்.

ஐந்தாவது வாரத்தில் ஜெசிந்தா நாலு மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்கினாள். ஆறாவது வாரம் கம்பெனியில் கைப்பிடியைத் தொடாமல் ஒரு மாடி ஏறினாள். மாத்திரையா, நடையா, பரணிதரனின் கையா, எது காரணம் என்று தெரியவில்லை. சமைக்கும்போது தன்னை அறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

ஆல்வின் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் தொட்டா கத்துற. பொதன்கெழம பொதன்கெழம எவன் தொட்டு உனக்கு நல்லாச்சு?"

ஒரு படகுக்காரன் அவளை மாமல்லபுரத்தில் மாடிப்படி ஏறும்போது பார்த்துச் சொல்லியிருந்தான். ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். ஆச்சரியம், ஆல்வின் அன்று அடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். அவள் அதை நல்லதென்று நினைத்துவிட்டாள்.

அடுத்த புதன், பகல் ஒன்றரை மணி. ஜெசிந்தா சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்திருந்தாள். அந்த மேசையில் முகம் வைக்க ஒரு துளை இருக்கும். அதன் வழியாகத் தரையின் வெள்ளை டைல்ஸ் மட்டுமே தெரியும். பரணிதரனின் நீலநிற சாக்ஸ் தெரிந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கிரீஸ் படிந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி அந்த டைல்ஸின் மேல் வந்து நின்றது.

அவள் "சார்!" என்று கத்தி எழுவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

ஆல்வின் கொண்டுவந்திருந்தது இன்ஜின் போல்ட் கழற்றும் பெரிய ஸ்பானர், முழங்கை நீளம். அது பரணிதரனின் தாடையில் பட்டது. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். விளிம்பில் இருந்த வலது கையைப் பார்த்தே ஆல்வின் இரண்டாவது அடியைப் போட்டான். விரல்கள் நசுங்கிய சத்தம் ஜெசிந்தாவுக்குக் கேட்டது. பரணிதரன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கீழே விழுந்து, கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு உருண்டான்.

"இந்தக் கைதான? இந்தக் கைதானடா?"

மூன்றாவது அடியை ஆல்வின் பரணிதரனின் தலைக்கு ஓங்கினான். ஜெசிந்தா யோசிக்கவில்லை. மேசையிலிருந்து பாய்ந்து இடது கையைக் குறுக்கே நீட்டினாள். முன்கை எலும்பு முறிந்தது. காய்ந்த தென்னம்பாளை ஒடிவது போல் ஒரு சத்தம். கண் முன்னால் எல்லாம் ஒருகணம் வெள்ளையாயிற்று.

அவள் கத்துவாள் என்று ஆல்வின் எதிர்பார்த்தான் போலிருக்கிறது. ஒரு நொடி நின்றான். அவள் கத்தவில்லை. இரண்டு வருடங்களாக விடிய விடிய வலியோடு கிடந்து பழகிய உடம்பு. கீழே விழாமல் நின்றது. அவள் தோளால் அவன் நெஞ்சில் மோதினாள். அவன் பின்னால் இருந்த சக்கர ஸ்டூல் தடுக்கி, முதுகெலும்பு மாடலோடு சேர்ந்து தரையில் விழுந்தான். பிளாஸ்டிக் எலும்புகள் நாலாபுறமும் சிதறின. ஸ்பானர் அவன் கையிலிருந்து வழுக்கியது.

ஜெசிந்தா அதை வலது கையால் எடுத்தாள். அவன் எழப் பார்த்தான். முழங்காலில் ஒரு அடி போட்டாள்.

"அய்யோ! ஜெசி! நோவுதுடி!"

"நோவுதா?" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எங்க நோவுது? இங்கயா?"

அதே முழங்காலில் இன்னொரு அடி போட்டாள். முதல் அடியிலேயே அவன் எழ முடியாதவனாகிவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தாள். மூன்றாவதுக்கும் கை உயர்ந்தது. கீழிருந்து பரணிதரன் ரத்தம் ஒழுகும் வாயோடு, "அக்கா, போதும்க்கா" என்றான். அவள் ஸ்பானரை ஜன்னல் பக்கம் எறிந்தாள். பைக் கடைக்காரர்கள் அதற்குள் மேலே ஓடிவந்துவிட்டார்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் அவள் கையைப் படம் எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். வெள்ளை எலும்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

"ரொம்ப வலிக்குமேம்மா. எப்படித் தாங்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் படத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் ஜாக்குலின் வந்தாள். மாவுக்கட்டைப் பார்த்ததுமே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். தலையணையைச் சரிசெய்தாள்.

"பாவி, எலும்ப ஒடச்சிட்டானே. எவ்ளோ நோவும் உனக்கு!"

"இது அந்த நோவவிடக் கம்மி அண்ணி," என்றாள் ஜெசிந்தா. "அதுக்கு ஒரு நாளாச்சும் கஞ்சி கொணாந்தியா நீ?"

ஜாக்குலின் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். "போலீசு வந்தா வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிடு ஜெசி. அவனுக்கும் முட்டி பேந்துகீது. ரெண்டுக்கும் சரியாப்பூச்சுன்னு வுட்டுடு."

"அந்தப் பையன் கைக்கு எது சரியாப்பூச்சு?"

ஜாக்குலின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் ஜெபா வேலூரிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்ப்பதற்கு முன்பே கீழ்மாடியில் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பா அழுவுறாரும்மா. காவலுக்குப் போலீஸ் நிக்கிது. அவரு கால் இனிமே நேரா வராதாம். ஜெயிலுக்கு அனுப்பாதம்மா."

"என்னை அடிச்சாருன்னு உனக்குத் தெரியுமாடி?"

ஜெபா குனிந்துகொண்டாள். "லீவுக்கு வந்தப்ப ஒருவாட்டி சத்தம் கேட்டுது. அத்த, ஒண்ணுமில்லன்னு சொல்லுச்சு. நானும்..."

முடிக்கவில்லை. அழுதுகொண்டே வெளியே போனாள். ஜெசிந்தா கூப்பிடவில்லை. மாவுக்கட்டுக்கு உள்ளே வலித்தது. கட்டுக்கு வெளியே உடம்பு முழுக்க வலித்தது. மகள் தெரிந்தும் சும்மா இருந்தது மூன்றாவது வலி.

மதியம் சப்-இன்ஸ்பெக்டர் அன்பரசி வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜெசிந்தா முதல் அறையிலிருந்து ஆரம்பித்தாள். துவைக்கும் கல், பெல்ட், ஸ்பானர். அன்பரசி நிறுத்தாமல் எழுதினார். கடைசியில் ஜெசிந்தா சொன்னாள்:

"நானும் அடிச்சேன் மேடம். ரெண்டு அடி. அதையும் எழுதிக்குங்க."

கைது, ரிமாண்ட், பிறகு ஜாமீன். ஜெசிந்தா ஊரப்பாக்கத்தில் வசந்தாவின் வீட்டு மாடி அறைக்கு மாறினாள். மனைவி இருக்கும் பக்கம் போகக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. நாற்பது நாள் ஆல்வின் அதைக் காப்பாற்றினான்.

நாற்பத்தொன்றாவது நாள், செங்கல்பட்டில் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி இறங்கிய ஊரப்பாக்கம் ரயில்வே ஸ்டேஷனில், மாலை ஆறு மணிக் கூட்டத்தில், பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. கட்டைவிரல் அதே இடத்தைத் தேடிப் புதைந்தது.

"கேஸ வாபஸ் வாங்கு. இல்ல, இங்கயே தள்ளிடுவேன்." ரயில் வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் அவள் கத்தியது எப்போதும் வலியால்தான். இப்போது வார்த்தையாகக் கத்தினாள். "இவன் என் புருசன்! என் கைய ஒடச்சவன்! தண்டவாளத்துல தள்ளப் பாக்குறான்!"

கூட்டம் திரும்பியது. யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முதல் அடி யார் போட்டது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் போட்டார்கள். செருப்பு, லஞ்ச் பை, கை, கால். ஆல்வின் கோணல் காலோடு சிமெண்ட் பெஞ்சின் அடியில் சுருண்டான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஒருவன் அவன் அடிபட்ட முழங்காலில் மிதித்தான். ஆல்வின் போட்ட கூச்சல் ரயில் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளினிக்கில் இரண்டாவது அடி போட்டபோது நெஞ்சுக்குள் பொங்கிய அந்தச் சூடு இப்போதும் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"வுடுங்க! போதும், வுடுங்க! போலீசுல குடுங்க!"

"இன்னாக்கா, பாவம் பாக்குற?" என்றான் மிதித்தவன்.

"பாவமெல்லாம் இல்ல. மிதிக்காத. அவ்ளோதான்."

ரயில்வே போலீஸ் வரும்வரை அவள் ஆல்வினுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜாமீன் அன்றோடு ரத்தாயிற்று.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. ஆல்வினின் வக்கீல் ராஜாராம் அவளுடைய நோயையே கையில் எடுத்தார்.

"லேசா தொட்டாக்கூட உங்களுக்கு வலிக்கும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. அப்போ என் கட்சிக்காரர் ஆசையா தொட்டதைக்கூட அடின்னு நினைச்சிருக்கலாம் இல்லையா?"

"தொட்டா நோவும் சார்," என்றாள் ஜெசிந்தா. "தொட்டா எலும்பு ஒடையாது. முதுகுல பெல்ட்டு வரி விழாது."

பரணிதரனின் கேஸ் நோட்டு, தேதிகளோடு, மேசைமேல் இருந்தது.

"நீங்களும் அவரை அடிச்சிருக்கீங்க."

"ஆமா. மொத அடி, அவரு எழுந்திருக்கக் கூடாதுன்னு. ரெண்டாவது ஆத்திரத்துல. அதுக்கு இன்னா தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன்."

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவள்மேல் வழக்கு எதுவும் வரவில்லை. ஆல்வினுக்கு நாலு வருடம் கிடைத்தது.

பரணிதரனின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. முதுகெலும்பைச் சரிசெய்யும் வேலை அவனால் முடியாது. நீட்டி மடக்கும் பயிற்சிகளை வாயால் சொல்லித் தருகிறான். பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜெசிந்தா நிறுத்தவில்லை. ஒருநாள் அவள் மன்னிப்புக் கேட்டபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களா அடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளுடைய வலி போகவில்லை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருக்கிறாள். மோசமான நாட்களில் லீவு சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறாள். படுத்திருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தீர்ப்புக்குப் பிறகு ஜெபா எட்டு மாதம் அம்மாவோடு பேசவில்லை. பிறகு ஒரு லீவில் பெட்டியோடு ஊரப்பாக்கத்துக்கு வந்து இறங்கினாள். நடந்ததைப் பற்றி இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் தலை வாரிக்கொண்டே, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"இன்னிக்கு அப்பாவ பாக்கப் போறேம்மா. ஜெயில்ல மனு போட்டிருக்கேன்."

ஜெசிந்தாவுக்கு அன்று மோசமான நாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"நாஸ்தா துன்னுட்டு போ," என்றாள். "வெறும் வயித்தோட போவாத."

இரண்டு தோசை ஊற்றுவதற்குள் தோள் எரிந்தது. ஜெபா எழுந்து வந்து தோசைக் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்து, மகள் நின்றபடியே சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.